வலுவும் சக்தியும்

தமிழிலே 'வலு' என்னும் சொல்லும் 'சக்தி' என்னும் சொல்லும் பொதுவழக்கில் ஒருபொருட் கிளவிகளாகவே வழங்கி வருகின்றன. நோயாளி ஒருவனுக்கு வலுவில்லை என்றாலும் சக்தியில்லை என்றாலும் கேட்போர் ஒன்றனையே விளங்கிக்கொள்வர். ஆயின், எமது நாட்டு விஞ்ஞானப் பாடநூல்களிலே இவை இரண்டும் வேறு. செய்யப்பட்ட வேலையின் அளவோடு ஒத்தது சக்தி. அவ்வேலை நடைபெறும் வீதம் வலு. தமிழகத்தார் இவற்றை முறையே ஆற்றல் எனவும் திறன் எனவும் வழங்குவர். இங்ஙனம் வரையறை செய்யப்பட்ட இரு சொற்களையும் ஒட்டி 'வலுசக்தி' என ஒரு தொடர் எமது அரசாங்க அறிக்கைகளிலே நெடுநாளாக வழங்குகின்றது. இதனைச் சொல்லாராய்ச்சியாளர் மாத்திரம் முகஞ்சுளிக்கும் சிறு விடயம் என ஒதுக்குதல் கூடாது. வலு வேறு, சக்தி வேறு என்பதை உணராதார்க்கு நாட்டின் எரிபொருட் கொள்கை ஒருபோதும் தெளிவாக விளங்காது என்பது எமது துணிபு.

வலிகாமத்துத் தோட்டம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். கிணற்றிலிருந்து இறைக்கும் இயந்திரம் ஒரு மணித்தியாலத்தில் எத்துணை நீரை மேலே தள்ளும் என்பது வலுவைப் போன்றது. பொழுது சாய்வதற்குள் வெங்காயப் பாத்திகளுக்குப் பாய்ந்த நீர் எவ்வளவு என்பது சக்தியைப் போன்றது. பெரிய இயந்திரம் ஒரு மணித்தியாலம் மட்டும் ஓடினால், நாள் முழுவதும் ஓடிய சிறிய இயந்திரத்திலும் குறைவாகவே நீர் பாய்ந்திருக்கும். மின்னிலையங்களும் இவ்வாறானவையே. 300 மெகாவாற்று வலுவுள்ள நிலக்கரி மின்னிலையம் ஒன்று இடையறாது ஓடினால், ஒரு நாளில் 72 இலட்சம் அலகு மின்சாரம் தரும். அதே 300 மெகாவாற்று வலுவுடைய சூரிய மின்னிலையம் எமது வரண்ட வலயத்து நல்ல வெயிலிலும் நாளொன்றுக்குப் பதினைந்து இலட்சம் அலகை எட்டுவது அரிது. காற்றாலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆதலின் 'இத்தனை மெகாவாற்றுத் திட்டம் திறந்துவைக்கப்பட்டது' என்னும் செய்தியைக் காணும்போது, அது எத்தனை அலகு தரும், எந்த மணியில் தரும் என்னும் இரு வினாக்களையும் கேட்டல் வேண்டும். இரண்டாவது வினாவே பெரிது.

நிலக்கரி, கன்னெய், இயற்கை வாயு ஆகிய சுவட்டு எரிபொருள்களிலிருந்து படிப்படியாக நீங்குவதென இலங்கை அரசு உறுதி கூறியுள்ளது. 2030 ஆம் ஆண்டளவில் மின்சாரத்தின் 70 சதவீதத்தை மீளப்புதுப்பிக்கத்தக்க வழிகளாற் பெறுதல், 2050 ஆம் ஆண்டளவிற் காபன் சமநிலையை அடைதல் என்பன அதன் இலக்குகள். புதிதாக நிலக்கரி மின்னிலையம் அமைப்பதில்லை என 2021 இல் ஐக்கிய நாடுகள் மன்றின் அனுசரணையோடு நடந்த கூட்டத்திலே சில நாடுகளோடு சேர்ந்து வாக்களித்தது. நல்ல மழை பெய்த ஆண்டுகளிலே மின்சாரத்தின் ஏறத்தாழ அரைவாசி நீர், காற்று, வெயில் என்பவற்றிலிருந்து கிடைக்கின்றது. எஞ்சிய தூரம் எண்ணிக்கையிற் சிறிதாகத் தோன்றினும் நடத்தற்கு அரிது. அதற்குரிய காரணத்தை வரலாறே காட்டும்.

மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து நாடு முழுவதற்கும் மின்சாரம் பெறலாம் என்பதை 1918 இல் எடுத்துக்காட்டியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவர் கனவு கண்ட லக்சபான மின்னிலையம் 1950 இலேதான் இயங்கத் தொடங்கியது. அதன்பின் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களும், மகாவலித் திட்டத்தின்கீழ்க் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல முதலியனவும் எழுந்தன. 1990களின் நடுப்பகுதி வரை நாட்டின் மின்சாரம் பெரும்பாலும் நீராலேயே பிறந்தது. இன்றைய மொழியிற் கூறின், அக்காலத்து இலங்கை மிகத் 'தூய' நாடு. ஆயினும் 1996 இல் வானம் பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வற்றின. நாள்தோறும் பல மணித்தியாலங்கள் மின்வெட்டு நிகழ்ந்தது. தூய்மை வேறு, உறுதிப்பாடு வேறு என்பதை நாடு கற்றுக்கொண்ட ஆண்டு அது.

அப்பாடத்திற்குக் கண்ட பரிகாரமே டீசலும் நிலக்கரியும். புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் முதலாவது 300 மெகாவாற்று அலகு 2011 இலும், ஏனைய இரண்டும் 2014 இலும் இயங்கத் தொடங்கின. வானத்தை நம்பியிருத்தல் தீர்ந்தது. கப்பலை நம்பியிருத்தல் தொடங்கியது. சோளகக் காலத்திற் கடல் கொந்தளிப்பதனால் நுரைச்சோலைக் கரையிலே நிலக்கரியை இறக்குதல் இயலாது. ஏறக்குறைய ஐப்பசி முதற் பங்குனி வரையான காலத்திலே ஆண்டு முழுவதற்கும் வேண்டியதை இறக்கிக் குவித்தல் வேண்டும். அந்தச் சோளகமே சற்று வடக்கே மன்னார்க் கரையில் 2020 மார்கழியிற் றிறந்துவைக்கப்பட்ட தம்பபவனியின் முப்பது காற்றாடிகளையும் முழுவேகத்தோடு சுழற்றுகின்றது. ஒரே காற்று ஓரிடத்திலே எரிபொருளைத் தடுக்கின்றது. மற்றோரிடத்தில் அதற்கு ஈடு தருகின்றது. வாடை, சோளகம், கொண்டல், தென்றல் எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டுக் கடலோடிய மக்களுக்கு இது வியப்பன்று.

கப்பலை நம்பியிருத்தலின் விலையை 2022 இல் யாவரும் அறிந்தோம். நாட்டில் டொலர் இல்லாது போகவே கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே பணத்துக்காகக் காத்துநின்றன. பங்குனி மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டது. எரிபொருள் நிலையங்களிலே மனிதர் இரவு பகலாக வரிசையில் நின்றனர்; ஆனி மாதத்தில் ஆசிரியரும் மாணவரும் வந்து சேர வழியின்றிப் பாடசாலைகள் பல மூடப்பட்டன. தென்னிலங்கை மக்களுக்கு இது புதிய அநுபவம். வடக்கிலே வாழ்ந்தோர்க்கு இது பழைய பாடத்தின் மறுவாசிப்பு. 1990 ஆம் ஆண்டளவிற் குடாநாடு தேசிய மின்வலையினின்றும் துண்டிக்கப்பட்டது. எரிபொருள் கொண்டுவருதற்கும் தடை விதிக்கப்பட்டது. எம்மையொத்த வயதினர் ஜாம் போத்தல் விளக்கின் கீழிருந்தே தமிழும் கணிதமும் படித்தோம். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலியிற் செய்தி கேட்டோர் பலர். மோட்டார் வண்டிகளைச் சிறுதுளி பெற்றோலினாற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினர். கடல்வழியும் தரைவழியும் வரவேண்டிய எரிபொருளைப் பிறர் நினைத்தால் நிறுத்திவிடலாம் என்பதை நூலிற் படித்தறியும் தேவை அத்தலைமுறைக்கு இல்லை. வெயிலை அங்ஙனம் மறித்தல் எவராலும் இயலாது. சுவட்டு எரிபொருளிலிருந்து நீங்குவதைப் புவி வெப்பமடைதலுக்கு மாற்றாக மட்டுமன்றி, நாட்டின் காப்பாகவும் நாம் கருதுவது இதனாலேயே.

எனினும் வெயிலும் எல்லா மணியிலும் எறிப்பதன்று. இலங்கையில் மின்சாரத்தின் தேவை மாலை ஆறரை மணி முதல் இரவு பத்தரை மணி வரையிலேயே உச்சம் பெறுகின்றது. கூரைகளிற் பதித்த சூரியத் தகடுகளோ நண்பகலிலேயே மிகுதியாகத் தருவன. இந்த முரண் 2025 மாசி 9 ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதையும் தாக்கியது. பாணந்துறை உபமின்னிலையத்திலே குரங்கு ஒன்றினால் நேர்ந்த பழுது என அமைச்சர் கூறியதைக் கேட்டு உலகம் நகைத்தது. ஆயின் குரங்கு தீக்குச்சி மாத்திரமே. ஞாயிறாதலின் தேவை குறைவு, வெயில் நன்று. ஆகவே வலையில் ஓடிய மின்சாரத்திற் பெரும்பங்கு சூரியத் தகடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. பெரிய சுழலிகள் சிலவே ஓடின. மிதிப்பதை நிறுத்திய பின்னும் துவிச்சக்கரவண்டியின் சில்லு சிறிது நேரம் சுற்றுவதைப்போல, பாரமான சுழலி ஒன்று வலையில் இடர் நேர்ந்தாலும் சில கணங்கள் வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். சூரியத் தகட்டிற் சுழலும் பாகம் எதுவும் இல்லை. தாங்குதற்கு ஆளின்றி வலை முழுவதும் சரிந்தது என்பதே மின்சார சபை பின்னர் அளித்த விளக்கத்தின் சாரம். நுரைச்சோலையின் இயந்திரங்களும் நின்றுபோகவே அடுத்த நாட்களிலும் மின்வெட்டு நேர்ந்தது. இரு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைத் தகடுகளைப் பிற்பகல் மூன்று மணி வரை நிறுத்திவைக்குமாறு சபை மக்களை வேண்டிக்கொண்டது. டொலர் கொடுத்து எண்ணெய் வாங்கும் நாடு, இலவசமாக வரும் வெயிலை வேண்டாவென்றது! கடன்பட்டுத் தகடு வாங்கியவர் சினந்தது நியாயமே. சபையும் வேறு செய்ய வழியின்றியே அவ்வாறு வேண்டியது. அந்நாட்களில் நாட்டுக்குச் சக்தி மிகுந்திருந்தது. வேண்டிய மணியில் வேண்டிய அளவு வலுவைத் தரவும் குறைக்கவும் கூடிய ஒழுங்கே இல்லாதிருந்தது.

இவ்விடத்திலேதான் கொள்கையின் உண்மையான சோதனை இருக்கின்றது. தகடு பதிக்க மக்களை ஊக்குவித்தல் எளிது. 2016 இல் அதற்கெனத் தனி இயக்கமே தொடங்கப்பட்டது. தகட்டோடு சேமிப்பும் வளர்தல் வேண்டும் என்பது ஆண்டுகள் பல கழிந்த பின்னரே பேச்சாயிற்று. மாரியிற் பெய்வதைக் குளத்திலே தேக்கிச் சிறுபோகத்துக்குப் பாய்ச்சிய நாட்டுக்கு இது தோன்றாமற்போனமை விந்தையே. மின்சாரத்துக்கும் குளம் உண்டு. நண்பகலில் மிஞ்சும் மின்சாரத்தாற் கீழ்க்குளத்து நீரை மேற்குளத்துக்கு இறைத்து, இரவில் அந்நீரைச் சுழலியின்மீது திறந்துவிடுதல் ஒருமுறை. மா ஓயாவில் 600 மெகாவாற்று வலுவுடன் இத்தகைய நிலையம் ஒன்றை அமைக்கத் திட்டமுண்டு. பற்றரித் தொகுதிகள் மற்றொருமுறை, விரைவில் நிறுவத்தக்கன, ஆயின் சில மணித்தியாலத்துக்கே போதும். வாரக்கணக்கிற் காற்றும் மழையும் குன்றும் காலத்துக்கு எரிபொருள் நிலையங்கள் சில இன்னும் நெடுங்காலம் இருந்தே ஆகவேண்டும் என்பதை ஒளிப்பதிற் பயனில்லை. அவை ஓடும் மணிகளைக் குறைப்பதே செய்யத்தக்கது. மின்னிலையத்தை மூடுவதும் அதன் அடுப்பைத் தணிப்பதும் வேறு வேறு.

இனி, நிலம் பற்றி ஒரு சொல். சம்பூரிலே 2006 இல் மக்கள் இடம்பெயர்ந்து போன மண்ணில் இந்தியாவோடு சேர்ந்து நிலக்கரி மின்னிலையம் ஒன்றை அமைக்க அரசு முயன்றது. 2016 இல் அதனைக் கைவிட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்னிலையத்துக்கான வேலை 2025 சித்திரையில் இந்தியப் பிரதமரின் வருகையின்போது தொடக்கிவைக்கப்பட்டது. கரி போய்க் கதிர் வந்தது நன்றே. சுன்னாகத்திலோ டீசல் மின்னிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்த துயரத்திற்கு 2019 இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு விதித்தது. எண்ணெய்யின் உண்மை விலையை அவ்வூரார் வாளியில் முகந்து கண்டனர். ஆயின் மாசற்ற காற்றுக்கும் ஊரார் இசைவு வேண்டும். மன்னார்த் தீவு தாழ்ந்த மணற்றீவு. மழைநீர் வடிவது கடினம். ஆண்டுதோறும் தூர தேசத்துப் பறவைகள் வந்து தங்கும் இடம். அங்கே மேலும் காற்றாடிகள் நாட்டலாகாது என 2025 இல் மக்கள் பல வாரம் வீதியில் இருந்தனர். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக் காற்றாலைகள் அமைக்க அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என 2024 இல் இணங்கிய அதானி குழுமம், விலையைக் குறைக்குமாறு புதிய அரசு கேட்கவே 2025 மாசியில் விலகிக்கொண்டது. விலையும் ஊரார் கருத்தும் ஒப்பந்தத்தின் பின் ஆராயப்படின், காலம் வீணாகும். அவ்விடைவெளியில் எரிவது எண்ணெயே. மன்னார் மக்களை வளர்ச்சிக்குப் பகைவர் என்போர், வெள்ளநீர் வடியாத முற்றத்தில் ஒரு மாரியேனும் நின்று பார்த்தல் நலம்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்னும் மூன்றற்கும் வெயில், காற்று, பற்றரி, டீசல் ஆகியன கலந்த மின்தொகுதி அமைக்கும் வேலை 2021 இற் சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு, இந்தியாவின் மறுப்பினால் இந்திய நன்கொடைத் திட்டமாக மாறிற்று. சிறு தீவின் விளக்குக்கும் பேரரசுகள் போட்டியிடும் காலம் இது. எழுவைதீவில் இத்தகைய சிறு தொகுதி முன்னரே அமைந்துள்ளது.

இதுவரை கூறியன யாவும் மின்சாரம் பற்றியனவே. அந்த 70 சதவீதமும் மின்சாரத்தின் சதவீதமே. நாட்டுக்கு வரும் எண்ணெயிற் பெரும்பகுதி வாகனங்களில் எரிகின்றது. அதற்கு இவ்விலக்கில் இடமில்லை. மீனவர் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயிலேயே ஓடுகின்றன. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இயந்திரப் படகு கடலுக்குச் சென்றுவர நாள்தோறும் பல லீற்றர் வேண்டும். மாற்று இயந்திரமோ மாற்று எரிபொருளோ கரைக்கு வருமுன் விலை மாத்திரம் முன்னே வந்துவிட்டது. அப்படகுகளுக்கு எந்த ஆண்டில், எவர் செலவில், எத்தகைய இயந்திரம் என்னும் வினாவுக்கு விடையை மின்சார இலக்கிலே தேடிக் காணமுடியாது. அதற்கு வேறோர் ஏடு எழுதப்படல் வேண்டும்.