வாடகை வீடும் நம் உயிரும்: தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம், செய்ய வேண்டிய வேலை



"நமக்கு ஊரில் சொந்த வீடு இருக்கு, வாடகைச் சட்டம் நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். நம் குழுக்களின் கடன் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். "மகன் திருப்பூரில் வேலை, வீட்டு அட்வான்ஸுக்கு", "மகள் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை, தங்கும் செலவுக்கு" என்று எத்தனை வரிகள் இருக்கின்றன! மழை பொய்த்தால் குடும்பத்தோடு டவுனுக்குப் போய் ஒரு வருடம், இரண்டு வருடம் தங்கிப் பிழைப்பவர்களும் நம்மில் உண்டு. நம் சேமிப்புப் பணம் அட்வான்ஸாகப் போய் நிற்கிறது. நம் பிள்ளைகளின் உயிர் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. ஆகவே இந்த மாதப் பாடமாக வாடகை வீட்டு உரிமையையும் பாதுகாப்பையும் எடுத்துக்கொண்டோம்.

ஒரு உறுப்பினரின் அனுபவம்

நம் கூட்டமைப்பு உறுப்பினர் ஒருவர், கணவருக்கு வேலை கிடைத்ததால் இரண்டு பிள்ளைகளுடன் டவுனுக்குப் போனார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'அக்கா' என்றே சொல்வோம். மூன்று மாடிக் கட்டடம், எட்டு வீடுகள். ஓனர் வெளியூரில். வாடகை வாங்குவது, தண்ணீர் மோட்டார் போடுவது எல்லாம் ஒரு மேனேஜர்தான்.

மழைக்காலம் வந்ததும் மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் போர்டு மேல் தண்ணீர் ஒழுகியது. சுவரைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடித்தது. படிக்கட்டில் லைட் எரியாது. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. "கீழே தீப்பிடிச்சா நாங்க எந்த வழியா ஓடுறது?" என்று அக்கா கேட்டார். மேனேஜர் சொன்ன பதில்: "பிடிக்கலேன்னா காலி பண்ணிட்டுப் போங்க." மறுநாளிலிருந்து அக்கா வீட்டுக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை.

அக்கா சண்டைக்குப் போகவில்லை. குழுவில் பழகிய பழக்கம் கைகொடுத்தது. அன்று ராத்திரியே மற்ற ஏழு வீட்டுப் பெண்களையும் தன் வீட்டில் உட்கார வைத்தார். ஒரு நோட்டில் தேதி போட்டு, என்னென்ன குறை என்று எழுதினார்கள். செல்போனில் போட்டோ எடுத்தார்கள். ஓனருக்கு மனு எழுதி ஆறு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு வீட்டார் பயந்து போடவில்லை. அவர்களை யாரும் குறை சொல்லவில்லை.

மின்வாரியத்துக்குப் புகார் சொன்னதும் ஆள் வந்து பார்த்து, வயரிங்கை உடனே மாற்ற வேண்டும் என்று ஓனரிடம் சொன்னார். தண்ணீரை நிறுத்தியதற்கு இலவச சட்ட உதவி மையத்தில் எழுதிக் கொடுத்தார் அக்கா. அங்கிருந்து ஓனருக்குக் கடிதம் போனது. அந்த வாரமே தண்ணீர் வந்துவிட்டது. மீட்டர் போர்டு இடம் மாறியது, படிக்கட்டு லைட் எரிந்தது. மொட்டை மாடிச் சாவிக்கு மட்டும் இரண்டு மாதம் இழுத்தார்கள். கடைசியில் ஒரு சாவி இரண்டாம் மாடி வீட்டில் வைக்கப்பட்டது.

அக்கா வீட்டை மாற்றிக்கொண்டு போனபோது, பெயின்ட் செலவைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸ் திரும்பக் கிடைத்தது. எல்லாம் வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் எட்டு வீட்டுப் பிள்ளைகளும் இப்போது ஷாக் அடிக்காத படியில் ஏறி இறங்குகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1960-ஆம் வருடத்து வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. சொத்து உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் இது. நகர்ப்புறப் பகுதிகளுக்குப் பொருந்தும். அரசு வாரிய வீடுகளும், கம்பெனி தன் தொழிலாளிக்கு வேலையோடு சேர்த்துக் கொடுக்கும் வீடுகளும் இதில் வராது. முக்கியமானவை இவை:

1. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இந்த அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். எந்த அலுவலகம் என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வாய்ப்பேச்சு நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

2. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு கேட்பது கஷ்டம். ஆகவே படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து.

3. வாடகை கொடுத்தால் ரசீது வாங்குவது நம் உரிமை. மேனேஜர் கையில் கொடுத்தாலும் ரசீது வேண்டும்.

4. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, கழிவு அகற்றுவது போன்ற அவசியச் சேவைகளை ஓனரோ மேனேஜரோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். திரும்பக் கொடுக்கும்படி அவர் இடைக்கால உத்தரவு போடலாம்.

5. சுவர், கூரை போன்ற கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு எடுப்பது போன்ற சில்லறை வேலைகள் வாடகைதாரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. எழுதிக் கேட்டும் ஓனர் தன் பங்கு ரிப்பேரைச் செய்யவில்லை என்றால், நாமே செய்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. பில் கட்டாயம் வேண்டும்.

7. ஓனரோ மேனேஜரோ நினைத்த நேரத்தில் வீட்டுக்குள் நுழையக் கூடாது. 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு இது மிகவும் முக்கியம்.

8. "நாளைக்கே காலி பண்ணு" என்று சாமானைத் தூக்கி வெளியே போட முடியாது. வாடகை நீதிமன்றத்தில் மனு போட்டு, சட்டம் சொல்லும் காரணத்தைக் காட்டித்தான் காலி செய்ய வைக்க முடியும்.

நமக்கும் கடமை உண்டு

கோபத்தில் வாடகையை நிறுத்திவிடக் கூடாது. வாடகை பாக்கி என்பதே நம்மைக் காலி செய்ய வைக்கும் காரணமாகிவிடும். ஓனர் வாங்க மறுத்தால், வாடகை அதிகாரியிடம் செலுத்த சட்டத்தில் வழி இருக்கிறது. மின்சார வயரை நாமே இழுத்து ஒட்டுப்போடுவது, படிக்கட்டில் சைக்கிளும் மூட்டையும் அடுக்குவது, ஒரே பிளக்கில் நாலு சாமான் சொருகுவது இதெல்லாம் நம் பக்கத் தவறு. அதையும் பேச வேண்டும்.

சொன்னால் கேட்காத இடமும், கண்டதும் இறங்கிய இடமும்

லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு. வசதி குறைந்த குடும்பங்கள் நிறையப் பேர் வாடகைக்கு இருந்தார்கள். தீ பாதுகாப்பு சரியில்லை என்று அவர்களில் சிலர் நிர்வாகத்துக்குப் பல முறை எடுத்துச் சொன்னார்கள். 2016-லேயே எழுத்தில் எச்சரித்தார்கள். காது கொடுக்கவில்லை. 2017 ஜூன் 14 அதிகாலை நாலாவது மாடி வீட்டில் ஒரு ஃபிரிட்ஜில் பற்றிய தீ, வெளிச்சுவரில் ஒட்டியிருந்த எளிதில் எரியும் பலகைகள் வழியாக மேலே ஏறியது. 72 பேர் இறந்தார்கள். 2024 செப்டம்பரில் வந்த விசாரணை அறிக்கை, அத்தனை மரணங்களும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று சொன்னது. குடியிருந்தவர்கள் முன்பே எழுதி வைத்தவை, யாருக்கு எப்போது தெரியும் என்பதற்குச் சாட்சியாக நின்றன. பணக்கார நாடு என்றாலும், சாதாரண மக்கள் சொல்வதை நிர்வாகம் மதிக்காவிட்டால் இதுதான் கதி.

நம் சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று, வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு தொகுதி இடிந்து விழுந்தது. ஆனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. காரணம், விரிசல் பெரிதாவதைப் பார்த்ததும் மக்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வெளியே வந்துவிட்டார்கள். சாமானுக்காக யாராவது உள்ளே இருந்திருந்தால்?

இரண்டு சம்பவத்திலும் நமக்குப் பாடம் இருக்கிறது. குறையை எழுதி வைக்க வேண்டும். ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தால் பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியேற வேண்டும்.

விடுதியில் தங்கும் பிள்ளைகள்

2024 செப்டம்பரில் மதுரையில் தனியார் பெண்கள் விடுதி ஒன்றில் அதிகாலை ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்தது. தூக்கத்தில் இருந்த பெண்கள் புகையில் சிக்கி உயிர்ப்பலி ஏற்பட்டது. வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஊரை விட்டு வந்த நம் வீட்டுப் பெண்களைப் போன்றவர்கள்தான் அங்கே தங்கியிருந்தார்கள்.

பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்காக 2014-இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது. அதன்படி விடுதி நடத்துபவர் பதிவு செய்து, மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். மகளைச் சேர்க்கப் போகும்போது "லைசென்ஸ் காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். வெளியே போக எத்தனை வழி, ராத்திரியில் கேட்டைப் பூட்டினால் சாவி யாரிடம், ஜன்னல் திறக்குமா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

வீடு பார்க்கும்போதே பார்க்க வேண்டியவை

- மீட்டர் போர்டில் ஈரம், கருகிய வாடை, தொங்கும் வயர் இருக்கிறதா?
- ஆர்.சி.டி. என்ற உயிர்காக்கும் கருவி பொருத்தியிருக்கிறதா? ஷாக் அடித்தால் நொடியில் கரண்டை நிறுத்துவது இதுதான். இல்லை என்றால் ஓனரிடம் கேளுங்கள்.
- படிக்கட்டில் லைட், கைப்பிடி உண்டா? மொட்டை மாடிக்கு வழி உண்டா?
- கூரையில் கம்பி தெரிகிறதா? சிமெண்டு உதிர்கிறதா?
- கேஸ் சிலிண்டர் வைக்கும் இடத்தில் காற்று வருமா?
- கிணறு, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி உண்டா?

குறை இருந்தால் படிப்படியாக என்ன செய்வது?

முதல் படி: தேதி போட்டு எழுதுங்கள், போட்டோ எடுங்கள்.

இரண்டாம் படி: பக்கத்து வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் கேட்டால் "வம்புக்காரி" என்பார்கள். ஆறு பேர் கேட்டால் மனு என்பார்கள்.

மூன்றாம் படி: ஓனருக்கு எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நான்காம் படி: தீராவிட்டால் வாடகை அதிகாரி. மின்சார ஆபத்துக்கு மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987. கேஸ் கசிவுக்கு 1906. தீ என்றால் 101 அல்லது 112. பெண்களுக்கு மிரட்டல், தொல்லை என்றால் 181.

ஐந்தாம் படி: மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 1987-ஆம் வருடச் சட்டப்படி, பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உதவி பெறும் உரிமை உண்டு. தொலைபேசி எண் 15100.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவில் எத்தனை குடும்பத்தார் வெளியூரில் வாடகைக்கோ விடுதியிலோ இருக்கிறார்கள்? அவர்களிடம் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா?
2. அட்வான்ஸுக்குக் குழுவில் கடன் கேட்டால், ஒப்பந்த நகலைக் காட்ட வேண்டும் என்று தீர்மானம் போடலாமா?
3. அக்கா வீட்டில் கையெழுத்துப் போடாத இரண்டு வீட்டாரின் பயம் என்ன? அந்த இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்வோம்?

இந்த மாதம் செய்ய வேண்டிய ஒரே வேலை: வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு இன்று ராத்திரி போன் போடும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்ட பிறகு, "ராத்திரி தீ கீ பிடிச்சா நீ எந்த வழியா வெளியே வருவே?" என்று ஒரு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள். பதில் தெரியாமல் முழித்தால், அடுத்த முறை போகும்போது நீங்களே அந்த வழியை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.