வீட்டு மரத்தை வெட்டும் முன் ஒரு நிமிடம்!

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் தல விருட்சம் மாமரம். அதைக் காக்கக் கோயில் இருக்கிறது. உங்க வீட்டுக் கொல்லையில் தாத்தா வைத்த வேம்பை யார் காப்பது?

சட்டம் என்ன சொல்கிறது?

தெருவிலும் அரசு நிலத்திலும் நிற்கும் மரத்தை வெட்ட, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். உங்க வாசலுக்கு நேரே நின்றாலும் தெரு மரம் தெரு மரம்தான்.

சொந்த நிலத்து மரம் வேறு. டெல்லியில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொந்த வீட்டு மரத்தை வெட்டவும் அனுமதி வாங்கணும். தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். சந்தனம் போன்ற மரங்களுக்குத் தனி விதிகள் உண்டு, வனத்துறையிடம் கேளுங்கள். மற்றபடி, காஞ்சிபுரம் போன்ற சமவெளி ஊரில் வீட்டு மரத்துக்கு முதல் காவலர் நீங்கதான்.

ஏன் காக்கணும்?

தறி வீட்டைப் பாருங்கள். தறிக்குழியில் நாள் முழுக்க உட்கார்ந்து நெய்பவருக்கு, மேற்கு வெயிலை மறைக்கும் ஒரு மரம் பெரிய உதவி. வெட்ட அரை நாள் போதும். அந்த நிழல் திரும்பி வர முப்பது, நாற்பது வருஷம் ஆகும்.

வீடு கட்டும்போது கவனிக்க:

1. உறிஞ்சு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், சுமார் இரண்டடி ஆழத்துக்குள் பரவியிருக்கும். கிளை விரிந்த அளவுக்குக் கயிறு கட்டுங்கள். அதற்குள் பள்ளம் தோண்டவோ, செங்கல் அடுக்கவோ, சிமென்ட் கலக்கவோ வேண்டாம்.

2. அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் போட்டு மூடினால் வேருக்குத் தண்ணியும் காத்தும் போகாது. ஒரு மீட்டராவது மண்ணாக விடுங்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லி மரங்களுக்கு உத்தரவிட்டதும் இதே அளவுதான்.

3. உச்சியை மொட்டையடிக்காதீர்கள். அங்கே புதிதாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு. காற்றில் முதலில் முறிவது அவைதான்.

எப்போது ஆபத்து?

அடிமரத்தில் காளான், புதிய விரிசல், திடீர்ச் சாய்வு, வேர்ப்பக்கம் மண் மேலெழும்புதல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பல நேரம் ஒரு கிளையை எடுத்தாலே போதும். கிளை மின்கம்பியில் உரசினால் நீங்களே ஏறாதீர்கள்; மின்னகம் 94987 94987 எண்ணில் சொல்லுங்கள்.

இன்றே மரத்தை நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பருவமழைக்கு முன் மறுபடி எடுத்து ஒப்பிட்டால், சாய்வும் விரிசலும் உங்க கண்ணுக்கே தெரியும்.