டக்ளஸ் ஃபேர் – பயன்தரும் ஊசியிலை மரம்

மாணவர்களே, ஊசியிலைக் காடுகள் பற்றிய வினாவுக்கு மரங்களின் பெயர்களை மட்டும் எழுதுவது போதாது. மரத்தின் இயல்பை அதன் சூழலுடன் தொடர்புபடுத்தி விளக்குதல் வேண்டும். இதற்கு டக்ளஸ் ஃபேர் சிறந்த உதாரணமாகும்.

பரம்பல்
கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா முதல் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா வரையான பசுபிக் கரையோரத்திலும் றொக்கி மலைப் பகுதியிலும் இது வளர்கின்றது. 1827 இல் இதன் வித்துக்களைப் பிரித்தானியாவுக்கு அனுப்பிய டேவிட் டக்ளஸின் பெயரே இதற்கு வழங்குகின்றது. எனினும் இது உண்மையான ஃபேர் அன்று. ஃபேரின் கூம்புகள் கிளைமேல் நிமிர்ந்து நிற்கும். இதன் கூம்புகள் கீழ்நோக்கித் தொங்கும்.

இயல்புகளும் சூழலும்
1. என்றும் பசுமையானது: கரையோரத்தில் கோடை வரண்டது, மாரி ஈரமும் மிதமான குளிரும் உடையது. இலையுதிர் மரங்கள் வெறுமையாக நிற்கும் மாரியிலும் இது ஒளித்தொகுப்புச் செய்யும்.
2. தடித்த பட்டை: முதிர்ந்த மரங்களைக் காட்டுத்தீயிலிருந்து காக்கின்றது.
3. ஒளி நாட்டம்: நாற்றுகள் அடர்ந்த நிழலில் நன்கு வளர்வதில்லை. தீயினால் வெளியான நிலத்தில் விரைந்து வளரும்.

பொருளாதார முக்கியத்துவம்
பொதுவாக 60 – 75 மீற்றர் உயரம் வரை நேராக வளர்வதால் நீண்ட தீராந்திகள் பெறலாம். வீட்டுச் சட்டகம், பாலம், ஒட்டுப்பலகை என்பவற்றுக்குப் பயன்படும்.
கவனிக்க: ஊசியிலை மரமாதலால் இது ‘மென்மரம்’ எனப்படும். அதனால் வலிமையற்றது என எழுதிவிடாதீர்கள்.

மாதிரி வினா
“வெட்டிய இடத்தில் மீண்டும் நாட்டினால் காடு மீண்டுவிடும்.” ஆராய்க.

விடைக் குறிப்பு
• நாட்டிய மரங்கள் சில தசாப்தங்களில் வெட்டும் பருவத்தை அடையும். எனவே மரவளம் மீள்கின்றது.
• பழங்காட்டில் பல நூற்றாண்டு வயதுடைய மரங்களும் பொந்துகளும் விழுந்து உக்கும் தண்டுகளும் உண்டு. இவை சில தசாப்தங்களில் உருவாகமாட்டா.
• உதாரணம்: முதிர்ந்த மரப் பொந்துகளில் கூடுகொள்ளும் வடபுள்ளி ஆந்தை 1990 இல் ஐக்கிய அமெரிக்காவில் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. 1994 இல் அரச காடுகளில் மரம் வெட்டுதல் மட்டுப்படுத்தப்பட்டது.
• மறுபக்கம்: மர ஆலைகளை நம்பிய ஊர்களில் தொழில் இழப்பு ஏற்பட்டது.
• முடிவு: மரம் மீளும், பழங்காட்டின் வாழிடம் அத்துடன் மீளாது.

இரு பக்கங்களையும் எழுதிய பின்னரே முடிவை எழுதுங்கள்.