ஆடிப்பட்டமும் மரிக்கொழுந்தும்

மரிக்கொழுந்து வளர்ப்பது சிரமமான காரியம் என்று, பூச்சந்தையில் அதைக் கட்டுக்கட்டாக வாங்கியே பழகியவர்கள் சொல்லுவதுண்டு. அது பனிக்காலத்துச் செடி என்னும் ஒரே உண்மையை மதித்து நடப்பவனுக்கு அதில் சிரமம் ஏதும் இல்லை என்பதே என் அபிப்பிராயம். மாசிபத்திரிக்கு நெருங்கிய உறவான இச்செடி, அதனைப் போல் ஆண்டுக்கணக்கில் தூர்கட்டி நிற்கும் ஜாதியன்று. ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து விதை கொடுத்து மடிந்துவிடுவது. ஆகவே பருவம் தப்பினால் அவ்வருஷத்துக்குப் பரிகாரமே கிடையாது.

இதை நான் எடுத்துச் சொன்னபோது என் மைத்துனர் சிரித்தார். நெல்லிலும் கடலையிலும் தலை நரைத்தவர் என்ற ஹோதாவில், ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியைக் கூடம் நிறைந்த பந்துக்கள் நடுவே எடுத்துவிட்டு, ஐப்பசிக் கடைசிக்கென்று நான் பத்திரப்படுத்தியிருந்த விதையை ஆடியிலேயே தூவச் செய்தார். முளைத்தது; புரட்டாசியில் நடவும் ஆயிற்று; நுணுக்கமாகப் பிளந்த சாம்பல் வண்ண இலைகளைத் தொட்ட விரலில் பரிமளம் ஒட்டிக்கொண்டதையும், அவர் வந்து பார்த்து மீசையைத் தடவிக்கொண்டதையும் நான் மறுக்கவில்லை. பிறகு அடைமழை பிடித்துக்கொண்டது. தரையை ஒட்டிய தண்டு கறுத்தது. இலைகள் கீழிருந்து மேலாக வதங்கின. ஒரு செடியைப் பிடித்து இழுத்தால், அழுகிய வேரின் தோல் சேற்றிலேயே தங்கிவிட, உள்நார் மட்டும் கையோடு வந்தது. பாத்தி முழுவதும் அக்கதியே. வடிகால் போதவில்லை என்றார் மைத்துனர். பழமொழி புன்செய்த் தானியத்துக்குச் சொன்னது என்பதை மட்டும் இன்றுவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

மறு வருஷம் நான் எவரையும் கேட்கவில்லை. உங்கள் கொல்லையிலும் கிணற்றடிக்குக் கிழக்கே, நாள் முழுவதும் வெயில் விழும் செம்மண் துண்டு ஒன்று சும்மா கிடக்குமல்லவா, அது போதும். தூசி போன்ற விதையை 2 நாள் ஈரத்துணியில் முடிந்து வைத்து, முளை தெரிந்ததும் மணலோடு கலந்து, மேட்டுப்பாத்தியில் தூவிப் பூவாளியால் தெளியுங்கள், மழை வந்தால் கீற்றால் மூடுங்கள், எறும்பைக் கவனியுங்கள், 6 வாரம் சென்றபின், மழை ஓய்ந்த மார்கழியில், வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டர், செடிக்குச் செடி அதில் பாதி என்று நட்டுவிடுங்கள். மண் காயக் காய நீர் விட்டால் ஆயிற்று. கதம்பத்துக்கு இளசாகவே கிள்ளலாம். தைலம் வடிப்பவர்கள் பூ விரியும்வரை பொறுத்திருப்பார்கள்.

சில செடிகளை அறுக்காமல் விட்டு, பங்குனிக்குமேல் விதை எடுத்துக்கொள்ளுவது அவசியம். இதன் விதைக்கு ஆயுள் குறைவு. போன வருஷத்து மிச்சத்தைக் கடையில் மலிவாகக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம். என் விதைக்குக் கீர்த்தி பரவி, மைத்துனரும் ஒரு பிடி கேட்டனுப்பினார். தீபாவளி கழியட்டும், தருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.