தண்ணீரண்டையில் தாகத்தால் மடியும் ஒலிவ மரம்

ஒலிவ மரம் நமக்குப் புதியதல்ல. நோவாவின் புறா கொண்டுவந்தது ஒலிவ இலைதானே! நூற்றாண்டுக்கணக்கில் நின்று கனிகொடுக்கும் இந்த மரத்தையே ஒரு கிருமி சாய்த்துப்போட்டது. அதை இந்த மாதம் கவனிப்போம்.

1. வியாதி வந்த இடம்

இத்தாலி தேசத்தின் தென்கிழக்குக் கோடியில் இருப்பது புலியா மாகாணம். அங்கே கல்லிப்போலி பட்டணத்தருகே ஒலிவ இலைகள் நுனியிலிருந்து கருகின, கிளை கிளையாய்க் காய்ந்தன. 2013-ம் வருஷம் சோதித்துப் பார்த்ததில் 'சைலெல்லா ஃபாஸ்டிடியோசா' என்கிற பாக்டீரியா பிடிபட்டது. கோஸ்டாரிகாவிலிருந்து வந்த அலங்காரக் காப்பிச் செடியோடு இது வந்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. அதற்குப்பின் லட்சலட்சமாய் மரங்கள் பட்டுப்போயின.

2. அது கொல்லும் விதம்

நிலத்தில் ஈரம் இருக்கிறது, வேரும் அழுகவில்லை. ஆனால் தண்ணீர் மேலே ஏறுகிற நுண்ணிய குழாய்களுக்குள் கிருமி பெருகி, வழியை அடைத்துவிடுகிறது. அடியில் தண்ணீர் இருந்தும் உச்சி தாகத்தால் சாகிறது. பாருங்கள், எத்தனை பரிதாபம்!

3. அது பரவும் விதம்

நுரைப்பூச்சி என்று ஒன்று உண்டு. வசந்த காலத்தில் அதன் குஞ்சு, களைச்செடிகளில் எச்சில் போன்ற நுரைக்குள் ஒளிந்திருக்கும். சிறகு முளைத்ததும் மரத்துக்குத் தாவும். வியாதிப்பட்ட மரத்தின் சாற்றைக் குடித்து, அடுத்த மரத்துக்குக் கிருமியைக் கொண்டுபோகும். கிருமி நுழைந்தும் மரம் பல மாதங்கள் பச்சையாகவே நிற்கும்! மோசமே இங்கேதான். மரங்களை வெட்ட உத்தரவு வந்தபோது, "நல்லாத்தானே இருக்கு, எங்க தாத்தா வச்ச மரத்தை ஏன் வெட்டணும்?" என்று ஜனங்கள் எதிர்த்தார்கள். அவர்கள் துக்கம் நியாயமானதே. வழக்கு எழுந்து, 2015 டிசம்பரில் வெட்டுவது நிறுத்தப்பட்டது. கிருமியோ காத்திருக்கவில்லை, வடக்கே போய்க்கொண்டே இருந்தது.

4. செய்யக்கூடியது

தோப்பில் பற்றிய மரத்தைக் குணமாக்க மருந்து இன்னும் இல்லை. ஆகவே பூச்சிக்குச் சிறகு முளைக்குமுன் களையை அறுத்து உழுகிறார்கள். பற்றிய மரத்தை அகற்றுகிறார்கள். வியாதியைத் தாங்கும் லெச்சினோ, ஃபவோலோசா ரகங்களை நடுகிறார்கள். பழைய மரங்களில் லெச்சினோவை ஒட்டுக்கட்டியும் பார்க்கிறார்கள்.

அன்பானவர்களே, வெளியே பச்சை தெரிகிறது என்று நாமும் நிர்விசாரமாயிருக்க வேண்டாம். ஜெபம் ஏறுகிற வழி உள்ளே அடைபட்டிருக்கிறதா? நுரையாய் இருக்கும்போதே களையை அகற்றுங்கள். சிறகு முளைத்தபின் பிடிப்பது கடினம்.