போதும் என்ற மனமும் போதாத வாட்ஸும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் மைக்ரோகண்ட்ரோலர் பற்றி ஏதாவது எழுதி உங்களைப் பக்கம் புரட்ட வைக்கலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். வேண்டாம். என் காசில், என் அவசர புத்தியில் நான் கற்ற ஒரு பாடத்தை எழுதுகிறேன். இது சிலபஸில் இல்லாத பாடம். ஆனால் சிலபஸில் உள்ள டெசிபலும் ஆர்.எம்.எஸ்.-ஸும் இதற்குள் வரும். ஆகவே தைரியமாகப் படியுங்கள், பரீட்சைக்கும் உதவும்!

எனக்குச் சொந்த ஊர் கொல்லிமலை. செம்மேட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. 1996-இல் மிளகு விற்ற பணத்தில் அப்பா வாங்கியது. ரேடியோ, கேசட், ஒரே ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். நான் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் அது எனக்கு அண்ணன் முறை.

ஹாஸ்டலுக்கு வந்த பிறகுதான் வினை பிடித்தது. பக்கத்து அறை நண்பன் வீட்டில் 5.1 ஹோம் தியேட்டர். ஒருநாள் போய்க் கேட்டேன். நெஞ்சு அதிர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னை நினைத்தாலே தகர டப்பா மாதிரி தோன்ற ஆரம்பித்தது. அதற்கு முன்தினம் வரை அதில் எந்தக் குறையும் எனக்குத் தெரிந்ததில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போய் எட்டு மாதத்தில் 6,400 ரூபாய் சேர்த்தேன். "பழசைக் கொடுத்தா 300 ரூபாய் குறைச்சுக்கலாம் தம்பி" என்றார் கடைக்காரர். அடுத்த வாரமே வீட்டுக்குப் போய், யாரிடமும் கேட்காமல், டூ-இன்-ஒன்னைக் கட்டைப்பையில் போட்டுக் கீழே இறக்கினேன். புதுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் சப்-ஊஃபரை அணைத்துப் பிடித்தபடி!

பெட்டியின் மேல் "8000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பொங்கல் லீவு மூன்று நாளும் எங்கள் தெருவே அதிர்ந்தது. நான்காம் நாள் பாட்டி தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு கேசட்டை எடுத்து வந்தார்.

"தாத்தா பேசுனதப் போடு கண்ணு. இன்னிக்கு அவரு நாளு."

தாத்தா இறந்தபோது எனக்கு மூன்று வயது. அவர் முகம் எனக்குப் போட்டோவில்தான் தெரியும். 1998-இல் அப்பா சும்மா விளையாட்டாகப் பதிவு செய்த கேசட் அது. ரோடு வருவதற்கு முன் பலாப்பழத்தைத் தலைச்சுமையாகக் கீழே கொண்டுபோய் விற்ற கதையைத் தாத்தா அதில் சொல்லியிருப்பார். வருடத்துக்கு ஒருமுறை பாட்டி அதைக் கேட்பது வழக்கம்.

என் புது செட்டில் ப்ளூடூத் இருந்தது, யு.எஸ்.பி. இருந்தது, மெமரி கார்டு, எஃப்.எம். எல்லாம் இருந்தது. கேசட் போட மட்டும் இடமில்லை. பாட்டி என்னைத் திட்டவில்லை. கேசட்டை மறுபடி துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் அப்படி எதைத்தான் வாங்கினேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை உங்களுக்கும் தருகிறேன்.

1. வாட்ஸ் கணக்கு

பி.எம்.பி.ஓ. என்பது கண் சிமிட்டும் நேரத்துக்கு ஸ்பீக்கரில் எழக்கூடிய உச்சத்தைக் காட்டும் எண். அதை அளக்க எல்லாரும் ஒப்புக்கொண்ட முறை கிடையாது. அதனால் கம்பெனி எத்தனை சைபர் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். தொடர்ந்து கிடைக்கும் திறனைச் சொல்வது ஆர்.எம்.எஸ். வாட்ஸ்தான். செட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். மின் நுகர்வு 60 வாட்ஸ் என்றிருந்தது. 60 வாங்குகிற பெட்டி 8000 எப்படி ஐயா கொடுக்கும்? கிளாஸ் பி பெருக்கியின் உச்சத் திறனே ஏட்டளவில் 78.5 சதவீதம்தான். கிளாஸ் ஏபி அதற்கும் கீழே. ஆக 47 வாட்ஸைத் தாண்ட வழியில்லை. தாராளமாக 40 என்று வைத்துக்கொள்வோம்.

2. காதின் கணக்கு

எங்கள் டூ-இன்-ஒன் சுமார் 2 வாட்ஸ். புதுசு 40. திறன் 20 மடங்கு கூடியிருக்கிறது. டெசிபலில் 10 லாக் 20, அதாவது 13. நம் காதுக்கு ஒலி இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். 20 மடங்கு வாட்ஸுக்குக் காது கொடுக்கும் மதிப்பு இரண்டரை மடங்குக்குள்தான்! இன்னொன்று: திறந்தவெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். ஸ்டூலைப் பாதி தூரத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்வது ஆம்ப்ளிஃபையரை நாலு மடங்காக்குவதற்குச் சமம். அறைக்குள் இந்த லாபம் கொஞ்சம் குறையும். ஆனால் ஸ்டூலை இழுக்க ஈ.எம்.ஐ. கிடையாது.

கடையில் கேட்கும்போது மட்டும் ஏன் அவ்வளவு பிரமாதமாக இருக்கிறது? 1933-இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் காட்டியது இதுதான்: ஒலி குறைவாக இருக்கும்போது காது தாழ்ந்த சுருதிகளைச் சரியாகப் பிடிப்பதில்லை. சத்தத்தைக் கூட்டினால் பேஸ் தானாகவே எழும்பும். இரண்டு செட்டில் ஒன்றைச் சற்றுக் கூட்டி வைத்தால் போதும், அதுதான் உசத்தி என்று நம் காதே சாட்சி சொல்லும்.

3. அறையின் கணக்கு

எங்கள் புது வீட்டு அறை கான்கிரீட், தரையில் டைல்ஸ். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கன அளவு 36. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் ஒரு விரிவுரைக் கூடத்தின் எதிரொலியைச் சரி செய்யப் போன வாலஸ் சேபின், இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு அளந்து கண்டுபிடித்த சூத்திரத்தை நாம் படித்திருக்கிறோம்: 0.161 பெருக்கல் கன அளவு, வகுத்தல் உறிஞ்சும் பரப்பு. வெற்று அறையில் உறிஞ்சும் பரப்பு சுமார் 2 சதுர மீட்டர் என்றால், எதிர்முழக்கம் 3 விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. அதனால்தான் பேச்சு ஒன்றோடொன்று மோதிக் குழம்பியது. கம்பளி, சாக்கு, துணிமணி என்று 4 சதுர மீட்டர் சேர்த்தால் ஒரு விநாடிக்குள் வந்துவிடும். பழைய ஓட்டு வீட்டில் மூட்டைகளுக்கு நடுவே அந்த ஒற்றை ஸ்பீக்கர் ஏன் தெளிவாகப் பேசியது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

அப்படியானால் ஆசையே கூடாதா?

இங்கேதான் நான் கொஞ்சம் தடுமாறினேன். போதுமென்று எல்லாரும் இருந்துவிட்டால் விஞ்ஞானம் எப்படி வளரும்? அமர் போஸ் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன சுதந்திரப் போராட்ட வீரரின் மகன். சிறுவனாக இருந்தபோதே ரேடியோ ரிப்பேர் செய்து குடும்பத்துக்கு உதவியவர். 1956-இல், எம்.ஐ.டி.-யில் ஆராய்ச்சி முடிக்கும் நேரத்தில், நல்ல ஸ்பெசிஃபிகேஷன் பார்த்து ஒரு ஸ்டீரியோ வாங்கினார். கேட்டால் ஏமாற்றம். காகிதத்தில் இருந்த தரம் காதில் இல்லை. அவர் அதைவிட விலை கூடிய இன்னொன்றைத் தேடி ஓடவில்லை. ஏன் இப்படி என்று ஆராய்ந்தார். அரங்குகளில் நம்மை எட்டும் ஒலியில் பெரும்பகுதி சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதுதான் என்பதை வைத்து ஸ்பீக்கர் வடிவமைத்தார். 1964-இல் கம்பெனி தொடங்கினார்.

அவருக்கும் திருப்தி இல்லை, எனக்கும் திருப்தி இல்லை. வித்தியாசம் எங்கே? அவருடைய அதிருப்தி "ஏன்?" என்று கேட்டது. என்னுடையது "எவ்வளவு?" என்று கேட்டது. முதலாவது தொழில்நுட்பம் படிப்பவனின் ஆசை. இரண்டாவது விளம்பரம் பார்ப்பவனின் ஆசை. இரண்டாவதற்கு முடிவே கிடையாது. 5.1 வாங்கினால் 7.1 கண்ணில் படும்.

மீதிக் கதை

லீவு முடிந்து வந்ததும் கடைக்கு ஓடினேன். எங்கள் டூ-இன்-ஒன் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டிருந்தது. இரும்புக் கடை இரும்புக் கடையாக ஏறி இறங்கி, வேறொரு பழைய டேப் டெக்கை 250 ரூபாய்க்குப் பிடித்தேன். உள்ளே பெல்ட் தார் மாதிரி உருகிக் கிடந்தது. சுரண்டி எடுத்துப் புது பெல்ட் மாட்டி, ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்துபோன இரண்டு கெப்பாசிட்டர்களை மாற்றினேன். நம் லேப் உதவியாளர் அண்ணன் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார்.

மறுபடியும் 70 வளைவு. கேசட்டைப் போட்டேன். தாத்தா பேசினார். பாட்டி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இவரு இவ்வளவு வெரசா பேச மாட்டாரு கண்ணு" என்றார்.

கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். என் டெக்கில் மோட்டார் வேகம் கூடுதல். மோட்டாரின் பின்புறத் துளைக்குள் சின்ன ஸ்க்ரூடிரைவரை விட்டு மெதுவாகத் திருப்பினேன். "இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஆங், இதான். இதான் உங்க தாத்தா." எந்த ஃப்ரீக்வென்சி கவுண்ட்டரும் இல்லாமல் பாட்டியின் காதை வைத்தே காலிபரேஷன் முடித்தேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

அந்தப் பதிவை அன்றே போனில் ஏற்றி மூன்று பிரதி எடுத்து வைத்துவிட்டேன். ஹோம் தியேட்டரை நான் விற்கவில்லை. படம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. தப்பு பெட்டியில் இல்லை. இருப்பது என்ன, அது யாருக்கு என்னவாக இருக்கிறது என்று கேட்காமலே அதைத் தூக்கிக் கொடுத்ததுதான் தப்பு.

நண்பர்களே, அடுத்த முறை ஏதாவது ஒன்றை மாற்றக் கை துறுதுறுத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். நேற்று வரை இதில் குறை தெரிந்ததா? குறை கருவியிலா, அறையிலா, நான் உட்கார்ந்த இடத்திலா? பழையது போனால் அதோடு வேறு எது போகும்? மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத் தாராளமாக வாங்குங்கள். டிப்ளமோ படிக்கிற நமக்கு நாலாவது வழி ஒன்றும் உண்டு: ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திறந்து பாருங்கள்!



— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை