டியூப் மேல் பழி போடாதீர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த டியூப் படமும் கிடைத்தன. ஐந்தருவியில் குளித்துவிட்டுக் கடையநல்லூர் திரும்பும் வழியில் ஸ்பிளெண்டரின் பின்சக்கரம் பஞ்சர். புது டியூப் போட்டுக் கிளம்பினால் இடைகால் தாண்டுவதற்குள் மறுபடியும் காற்று இறங்கிவிட்டது. டியூப் போலியா, கம்பெனி மோசமா என்று கேட்கிறீர்கள். படத்தைப் பார்த்ததுமே பதில் தெரிந்துவிட்டது. டியூபில் குறை இல்லை. மாட்டும்போது டயரை நெம்பும் லிவர் கடித்திருக்கிறது.

அந்தப் படத்தை நீங்களும் இன்னொரு தடவை பாருங்கள். ஆணியோ முள்ளோ குத்தியிருந்தால் ஓட்டை டியூபின் வெளிவட்டத்தில், சாலையைப் பார்த்த பக்கத்தில், ஒற்றையாக இருக்கும். உங்கள் டியூபில் இருப்பது ரிம்மை ஒட்டிய பக்கவாட்டில். அதுவும் ஒன்றல்ல, பாம்பு கடித்த தடம் போல பக்கம் பக்கமாக இரண்டு சின்னக் கிழிசல். லிவருக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் மடிந்து சிக்கும்போது மடிப்பின் இரண்டு சுவரும் ஒரே அழுத்தில் அறுபடுகின்றன. காற்றுக் குறைவான டயர் பள்ளத்தில் பலமாக இறங்கினாலும் இந்த இரட்டைத் தடம் வரும். ஆனால் அப்போதுதான் முழுக் காற்று அடித்த டயருக்கு, இத்தனை குறுகிய தூரத்தில், அது நடப்பது அபூர்வம்.

மற்ற தடங்களையும் சொல்லிவிடுகிறேன். உள்வட்டத்தின் நடுவில் ஊசித்துளை இருந்தால் ஸ்போக்ஸ் கம்பியின் முனை குத்தியிருக்கிறது. காற்றடிக்கும் மவுத்தின் அடியில் கிழிந்திருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டியதில் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து டியூபையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி மூட்டை ஏற்றிப் போகும் எக்ஸ்எல் வண்டிகளில் இதை அதிகம் பார்க்கலாம். பாரம் கூடும், காற்றை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. கைதேர்ந்த பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடிப்பதோடு விடமாட்டார். ஓட்டை எந்தப் பக்கம், மவுத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று பார்த்து, அதே இடத்தில் டயரையும் ரிம்மையும் தடவிப் பார்ப்பார். காரணத்தை எடுக்காமல் ஓட்டையை மட்டும் ஒட்டினால் அடுத்த பஞ்சருக்கு அவரே நாள் குறித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டயரின் இரண்டு ஓரங்களுக்குள்ளும் எஃகுக் கம்பி வளையமாக ஓடுகிறது. அது நீளாது. உங்கள் வண்டியில் அந்த ஓரம் உட்காரும் இடத்தின் விட்டம் 18 அங்குலம். டயரை வெளியே நழுவாமல் பிடித்திருக்கும் ரிம் விளிம்போ அதைவிடப் பெரிய வட்டம். நீளாத சின்ன வட்டம் பெரிய வட்டத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். பலத்தால் இது நடக்காது. அதற்காகத்தான் ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் டயர் ஓரத்தை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினால் எதிர்ப்பக்கம் அந்த அளவுக்குத் தளர்ச்சி கிடைக்கும். அந்தத் தளர்ச்சியில்தான் டயர் ரிம்மைத் தாண்டுகிறது. லிவர் சும்மா வழிகாட்டத்தான்.

இது நேற்று வந்த ஏற்பாடு இல்லை. பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியது 1888-ல். அந்தக் காலத்து டயரை ரிம்மோடு சேர்த்தே ஒட்டிவிடுவார்கள். பஞ்சர் ஆனால் பிரித்து ஒட்டிக் காயவைத்து எடுப்பது பெரும்பாடு. இரண்டே ஆண்டில், 1890-ல், இங்கிலாந்தின் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் ஓரத்தில் கம்பி வைத்த டயரையும் நடுவில் பள்ளம் வைத்த ரிம்மையும் சேர்த்துக் காப்புரிமை பெற்றார். பிரான்சில் மிஷலின் சகோதரர்கள் வேறு வகையில் கழற்றி மாட்டும் டயரைச் செய்தார்கள். 1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அதைப் போட்டு ஓட்டி ஜெயித்தார். இன்றைக்கு உங்கள் ஸ்பிளெண்டரில் இருப்பது வெல்ச் யோசித்த பள்ளம்தான். 130 வருஷத்துக்கு மேலாக இருக்கும் இந்தப் பள்ளத்தைப் பயன்படுத்தாமல் லிவரை மிதித்து ஏற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

டியூப் கெட்டுப்போவதும் அப்படி மிதிக்கும்போதுதான். எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இறங்காமல் ரிம்மின் தோளிலேயே உட்கார்ந்திருந்தால் கடைசி ஒரு சாண் டயர் உள்ளே போகாது. பலம் போடுகிறார்கள். பலம் வேண்டுமென்று லிவரை ஆழமாகச் செருகுகிறார்கள். ஆழமாகப் போன முனை டியூபைப் பிடித்துக்கொள்கிறது. டயர் ‘டப்’ என்று உள்ளே விழும் சத்தத்தில் டியூப் கடிபட்டது தெரியாது.

சரியாகச் செய்வது எப்படி? முதலில் சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்கப் போடுங்கள். வண்டியிலேயே வைத்து ஒரு பக்கம் மட்டும் டயரைத் தூக்கி, டியூபை வெளியே இழுத்து ஒட்டுப் போடலாம், அது வேறு. புது டியூப் என்றால் அச்சைத் தாண்டி வராது. சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். படுக்க வைத்தால் இன்னொரு லாபம், டயர் மேல் முழங்காலை ஊன்றி அதைப் பள்ளத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளலாம். மவுத் இருக்கும் இடத்தில் மட்டும் பள்ளத்தை டியூபின் அடித்தடிப்பு அடைத்துக்கொண்டிருக்கும். அங்கே டயர் இறங்காது. ஆகவே கழற்றும்போது மவுத் பக்கம் ஆரம்பிக்க வேண்டும், மாட்டும்போது மவுத் பக்கம் முடிக்க வேண்டும். இந்த ஒன்றைத் தலைகீழாகச் செய்வதால் வரும் கஷ்டம்தான் பாதி.

டியூபைக் காற்றே இல்லாமல் உள்ளே வைக்காதீர்கள். உருண்டை வடிவம் பிடிக்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்று இருக்கட்டும். தொளதொளவென்று கிடக்கும் டியூப்தான் லிவருக்கு அடியில் வந்து மாட்டும். டியூப் மேல் கொஞ்சம் பவுடர் தூவினால் மடிப்பு விழாமல் வழுக்கி உட்காரும். டயர் ஓரத்துக்குச் சோப்புத் தண்ணீர் போதும். என்ஜின் ஆயிலும் கிரீஸும் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும், வேண்டாம். லிவர் முனை வழவழப்பாக, மழுங்கி இருக்க வேண்டும்; ஸ்குரூ டிரைவரை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஒரு தடவைக்கு இரண்டு விரல் அகலம் மட்டும் ஏற்றுங்கள். முனை டயர் ஓரத்தைப் பிடிக்கும் அளவு போனால் போதும். லிவரைச் செங்குத்தைத் தாண்டிச் சாய்த்தால் உள்ளே முனை டியூபைத் தேடிக்கொண்டு போகும்.

கடைசித் துண்டுதான் சோதனை. கை முரண்டினால் நிறுத்துங்கள். எதிர்ப்பக்கம் போய் இரண்டு முழங்காலாலும் அமுக்கி, அங்கிருந்து இரண்டு கையாலும் டயரை மவுத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே வாருங்கள். தளர்ச்சி அத்தனையும் மவுத்துக்கு வந்து சேரும். பல சமயம் கட்டைவிரலாலேயே உள்ளே தள்ளிவிடலாம். முடிந்ததும் மவுத்தை ரிம்முக்குள் ஒரு தடவை மேலே தள்ளி விடுங்கள். டயர் ஓரத்துக்கு அடியில் சிக்கியிருக்கும் டியூப் விடுபடும். பிறகு இரண்டு பக்கமும் டயரை அமுக்கிக்கொண்டே சுற்றி வந்து, எங்காவது டியூப் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். காற்று அடித்து, முழுவதும் இறக்கி, மறுபடி அடியுங்கள். உள்ளே இருக்கும் மடிப்பு பிரிந்துவிடும். டயரின் பக்கத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்துவிட்டது. மவுத்தில் இருக்கும் நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே மூடிப் பக்கம் ஏற்றி வையுங்கள். டயர் நகர்ந்தால் மவுத் சாய்ந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கியிருந்தால் சொல்லாமல் கிழிந்துவிடும்.

நம் ஊருக்கென்று சில தொந்தரவுகள் உண்டு. சாரல் பெய்யும்போது ஒட்டுப் போடுவது தனிக் கலை. ஈரப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் சொல்யூஷன் பிடிக்காது. பழைய இயற்கை ரப்பர் டியூப் போல அல்லாமல், இப்போதைய டியூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். 1937-ல் அமெரிக்காவில் பெட்ரோலியப் பொருளிலிருந்து முதன்முதலில் உருவாக்கிய ரப்பர் அது. காற்றைப் பிடித்து வைப்பதில் அதற்கு ஈடு இல்லை, ஆனால் ஒட்டைச் சுலபத்தில் ஏற்றுக்கொள்ளாது. உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்க்க வேண்டும். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்ட பிறகே ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். குற்றாலம் ரோட்டில், தார்ப்பாய்க்குக் கீழே, பின்னால் பத்து வண்டி நிற்கும்போது அது காயும்வரை யார் பொறுக்கிறார்கள்? ‘சீக்கிரம் முடிங்கண்ணே’ என்று நீங்களும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சக்கரத்தைக் கழற்றி, ரிம்மைத் துடைத்துச் செய்யும் வேலைக்கு நேரமும் கொடுக்க வேண்டும், கூலியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ரிம்மைத் துடைப்பதைச் சும்மா சொல்லவில்லை. மழைத்தண்ணீர் ஸ்போக்ஸ் துளை வழியாக உள்ளே இறங்கி, ரிம்மின் உட்புறம் துருப்பிடித்துச் செதில் செதிலாக நிற்கும். டியூபை அது நாளும் அரிக்கும். ஸ்போக்ஸ் முனை எழும்பியிருந்தால் அரத்தால் ராவி விடுங்கள், ரிம் டேப் இற்றுப்போயிருந்தால் மாற்றுங்கள்.

கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம், சுரண்டை போனால் கதை வேறு. அங்கே சாரல் குறைவு, உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் அதிகம். முள் குத்தினால் அடிப்பாகம் ஒடிந்து விழும், நுனி டயருக்குள்ளேயே நிற்கும். டியூபை மாற்றிவிட்டு நுனியை விட்டால் அது புது டியூபையும் குத்தும். ஒரு பழந்துணியை டயரின் உட்புறம் சுற்றிலும் இழுத்துப் பாருங்கள். நுனி இருந்தால் துணி மாட்டும். வெறும் விரலால் தடவாதீர்கள். ஆணித் தொல்லையும் நமக்குப் புதிதல்ல. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் விட்ட காலத்தில், சாலையில் கிடக்கும் லாட ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் கட்டிய வண்டியை ஓடவிட்டார் என்று சொல்வார்கள்.

புளியரை மலைப்பாதையில் அடிக்கடி போவதாக எழுதியிருக்கிறீர்கள். டியூப் டயர் கிழிந்தால் காற்று மவுத் துளை வழியாகவும் ஸ்போக்ஸ் துளைகள் வழியாகவும் மளமளவென்று வெளியேறும். பின்சக்கரம் ஆடினால் பதறிப் பின்பிரேக்கை மிதிக்காதீர்கள். ஹேண்டில்பாரை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மெதுவாக விட்டு, முன்பிரேக்கை லேசாகத் தொட்டு ஓரம் கட்டுங்கள். முன்சக்கரம் போனால் பின்பிரேக்.

கடைசியாக, டியூப்லெஸ் டயர் வாங்கிப் போட்டால் இந்தத் தொல்லை தீருமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஸ்போக்ஸ் ரிம்மில் தீராது. ஒவ்வொரு ஸ்போக்ஸ் துளையும் காற்றுக்கு வாசல். டயரை மாற்றினாலும் உள்ளே டியூப் இருந்தே ஆக வேண்டும். அதோடு அந்த டயரின் ஓரம் இன்னும் விறைப்பாக இருப்பதால் மாட்டுவது கூடுதல் கஷ்டம், டியூப் கடிபட வாய்ப்பும் கூடுதல். புல்லட், ஹிமாலயன் வைத்திருக்கும் நண்பர்களும் இதையே கேட்கிறார்கள். ஹிமாலயன் 450-க்கு வந்திருப்பதுபோல, ஸ்போக்ஸ் இருந்தும் காற்று கசியாதபடி தனியாகச் செய்த ரிம்முக்கு மட்டும் டியூப் வேண்டாம். உங்கள் வண்டிக்கு டியூப்லெஸ் வேண்டுமானால் அதற்கென்றே செய்த அலாய் சக்கரத்தோடு சேர்த்து மாற்ற வேண்டும். அதற்குச் செலவழிக்கும் முன், டயரில் எழுதியிருக்கும் அளவுக்கே பொருந்தும் டியூபாக ஒன்று வாங்கி, மேலே சொன்ன மாதிரி உங்கள் கண் முன்னால் ஒரு தடவை மாட்டச் சொல்லிப் பாருங்கள். டியூப் பெரிதாக இருந்தால் மடிப்பு விழும். கடையில் ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்றால் வாங்காதீர்கள்.

அன்புடன்,
தென்காசியிலிருந்து